நூல் எழுந்து நின்ற கதை



கல்லில் கலைஞன் செய்யும் வேலையை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம். கல்லின்மேல் கோடு கீறி உருவம் காட்டுவது முதற்படி. உருவத்தைச் சூழ்ந்த கல்லைச் செதுக்கி நீக்கி, உருவத்தை மட்டும் மேலெழுந்து நிற்கச் செய்வது இரண்டாம் படி. இதனைப் புடைப்புச் சிற்பம் என்கிறோம். உருவத்தை முற்றும் விடுவித்து, நாற்புறமும் சுற்றிவந்து காணுமாறு நிறுத்துவது மூன்றாம் படி. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக்குச் சென்றவர்கள் பின்னிரு படிகளையும் ஒரே குன்றில் கண்டிருப்பீர்கள். பாறைமுகத்தில் வரிசை வரிசையாக அமைந்த சமணத் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்கள். பாறையைச் சுற்றிலும் வெட்டித் தனியே பிரித்தெடுத்த வெட்டுவான் கோயிலோ முழு வடிவம்.

கல்லுக்குரிய இம்மூன்று படிகளும் நூலுக்கும் உண்டு என்று சொன்னால் உங்களிற் சிலர் வியப்படையலாம். துணியின்மேல் ஊசியால் கோடு இழுத்துப் பூவும் கொடியும் காட்டுவது முதற்படி. துணியின்மேல் நூலை அடுக்கடுக்காக ஏற்றி, அப்பூவை விரலால் தடவி அறியும் அளவுக்கு உயர்த்துவது இரண்டாம் படி. துணியையே விட்டு நீங்கி, நூல் தானே ஓர் உருவமாக நிற்பது மூன்றாம் படி. எம்பிராய்டரி என்று நாம் பொதுவாக வழங்கும் பூத்தையல், இம்மூன்று படிகளையும் கடந்து இந்நாளில் முப்பரிமாணக் கலையாக வளர்ந்திருக்கிறது. ஓவியக் கூடங்களிலும் சிற்பக் கண்காட்சிகளிலும் இடம் பெற்றிருக்கிறது.

ஆனால் அந்த இடம் அதற்கு எளிதிற் கிடைக்கவில்லை. ஊசி வேலை கைத்தொழிலா, கவின்கலையா என்ற வழக்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளாக நடந்துவருகிறது. அவ்வழக்கின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதைப் பேச விளாத்திகுளத்துக்காரனாகிய எனக்கு ஓர் உரிமை உண்டு. எங்கள் ஊர் வைப்பாற்றங்கரையில் உள்ள கரிசற்பூமி. பருத்தி விளையும் நிலம். இப்பக்கத்துப் பருத்தி தூத்துக்குடிக்குச் சென்று நூலாயிற்று. அங்கிருந்த கோரல் ஆலையின் தொழிலாளர்கள் 1908ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் செய்த வேலைநிறுத்தம் நம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது. கிழக்கே சிறிது தூரம் சென்றால் எங்கள் வட்டத்தைச் சேர்ந்த வைப்பாறும் வேம்பாறும் பழைய முத்துக்குளித்துறைகள். எனவே பூத்தையலுக்கு வேண்டிய நூலும் முத்தும் எங்கள் நிலத்திலும் கடலிலும் பிறந்தவை.

முதலில் நூல் எவ்வாறு எழுகிறது என்பதைக் காண்போம். தட்டையான துணியில் உயரம் உண்டாக்க நான்கு வழிகள் உள்ளன. பஞ்சையோ கம்பளி நூலையோ அட்டையையோ அடியில் வைத்து, அதன்மேல் தைத்து மூடுவது ஒரு வழி. அடியில் ஒன்றும் வையாமல், ஒரு தையலின்மேல் மற்றொரு தையலைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே போவது இரண்டாம் வழி. இதழையோ இலையையோ தனியே தைத்து, அதன் விளிம்பில் மெல்லிய கம்பி வைத்து வளைத்துத் துணியில் ஒரு முனையை மட்டும் பொருத்துவது மூன்றாம் வழி. முத்து, மணி, சம்கி, சுருட்டிய பொற்கம்பி முதலியவற்றைக் கோத்து ஏற்றுவது நான்காம் வழி. வட இந்தியாவில் முகலாயர் காலத்தில் செழித்த சர்தோசி என்னும் பொன்னிழைத் தையலில் இவற்றிற் பலவும் வழங்கின. பஞ்சுத் திண்டின்மேல் பொன்னிழை பரப்பி உயர்த்தும் முறைக்குக் கார்சோபி என்று பெயர்.

தமிழ்நாட்டிலும் இவ்வுணர்ச்சி பழமையானது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையைக் காண்க. துணி தைப்பவரும் தோல் தைப்பவரும் அங்கே இருக்கின்றனர். அவர்களை அடுத்து, துணியாலும் நெட்டியாலும் பலவகைப் பொருள்களைக் குற்றமறச் செய்வோரையும் இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். துணி உடுப்பதற்கு மட்டுமன்று, உருவம் சமைப்பதற்கும் உரியது என்பதை அந்நகரத்தார் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருளை வடிவில் தைக்கப்பட்ட பெரிய துணிக்குழல்கள் அவை. வண்ணத் துணிகளை யாளியாகவும் மயிலாகவும் தாமரையாகவும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் தைத்துத் தேரின் நாற்புறமும் தொங்கவிடுவர். தேர் அசையும்போது தொம்பையும் அசையும். தஞ்சாவூர்ப் பகுதியில் இத்தொழில் பரம்பரையாக வளர்ந்தது. காற்றுக்கும் அசைவுக்கும் இடங்கொடுத்துச் செய்யப்பட்ட துணிச் சிற்பம் அது. திருவாரூர் ஆழித்தேரைக் கண்டு வியந்தவர் எத்தனை ஆயிரவர்! ஆனால் தொம்பை தைத்தவர் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் பூத்துக்குளி என்னும் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் தையலும் இங்கு நினைக்கத்தக்கது. அவர்கள் துணியில் முன்கூட்டிப் படம் வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். நூல் சிறு சிறு வளையங்களாக மேலெழுந்து நிற்பதால் அத்தையல் தறியில் நெய்தது போலவும் புடைத்தது போலவும் தோன்றும். இதற்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கணக்கும் கைத்திறனும் ஒன்றான தையல் இது.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம்; வழக்கு தொடங்கியது அங்கேதான். 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துப் பெண்கள் ஒரு புதுமை செய்தனர். அதுவரை தையலுக்குத் துணி நிலமாக இருந்தது. அவர்கள் துணியை அறவே நீக்கி, நூலின்மேல் நூலைத் தைத்துப் பூவேலை செய்தனர். அதற்கு இத்தாலிய மொழியில் இட்ட பெயரின் பொருள் ‘காற்றில் தையல்’ என்பது. எவ்வளவு பொருத்தமான பெயர்! அடுத்த நூற்றாண்டில் அப்பின்னலின் விளிம்புகள் தடித்து உயர்ந்து, தந்தத்தில் செதுக்கிய பூப்போலப் புடைத்து நின்றன.

அதே 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புடைப்புத் தையல் பெரிதும் பரவியது. நகைப்பெட்டிகளின்மேலும் கண்ணாடிச் சட்டங்களின்மேலும் விவிலியக் கதைகளைத் தைத்தனர். மனித உருவங்களின் முகமும் கையும் மரத்தில் செதுக்கிப் பட்டுப் போர்த்தவை; உடைகள் தனியே தைத்து அணிவித்தவை; மலரிதழ்கள் கம்பி விளிம்பால் துணியைவிட்டு எழுந்து நிற்பவை. இவற்றைச் செய்தவர் யார் தெரியுமா? பெரும்பாலும் உங்கள் வயதினரான சிறுமியர். ஹன்னா ஸ்மித் என்னும் சிறுமி பன்னிரண்டு வயது நிறையும் பருவத்தில், 1656ஆம் ஆண்டளவில் ஒரு பெட்டியைச் செய்து முடித்தாள். அதை எங்கே, எப்போது செய்தாள் என்று தன் கைப்பட எழுதிய சீட்டொன்றை அதனுள்ளே வைத்தாள். பெட்டியும் சீட்டும் மான்செஸ்டர் நகரத்து விட்வொர்த் கலைக்கூடத்திற்கு வந்து சேர்ந்தன. மார்த்தா எட்லின் என்னும் மற்றொரு சிறுமி 1671ஆம் ஆண்டு பதினோராம் வயதில் ஒரு பெட்டியைத் தைத்து முடித்தாள். தன் பெயரின் முதலெழுத்துகளையும் அதில் பொறித்தாள். அவள் வழிவந்தவர்கள் அதைப் போற்றி வைத்திருந்ததால் அது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தை அடைந்தது.

அச்சிறுமியர் அரசியரும் அல்லர். பெரும்புகழ் பெற்றவரும் அல்லர். ஒரு சீட்டு, இரண்டு எழுத்துகள்—இவ்வளவே அவர்களை மறதியினின்று காத்தன. அதே நூற்றாண்டில் அதே திறத்தோடு தைத்த எண்ணற்ற கைகள் பெயரின்றி மறைந்தன. இச்செய்தியை மனத்தில் கொள்க. இதனிடம் மீண்டும் வருவோம்.

1768ஆம் ஆண்டு இலண்டனில் அரச கலைக் கழகம் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய உறுப்பினருள் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்னும் பெண் ஓவியர் இருவரும் இருந்தனர். பெண்ணினத்துக்கு இது பெரும்பேறு என்று எண்ணத் தோன்றும். ஆயினும் இரண்டொரு ஆண்டுகளிலேயே அக்கழகம் ஒரு விதி செய்தது. ஊசி வேலை, செயற்கைப் பூ, வெட்டிய காகித வேலை, சிப்பி வேலை, வண்ண மெழுகுருவம் ஆகியவற்றைத் தன் கண்காட்சியில் ஏற்பதில்லை என்பதே அவ்விதி. அப்பட்டியலை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்து செய்த வேலைகள் அவை. பெண் உள்ளே நுழையலாம், தூரிகையைப் பிடித்திருந்தால். ஊசியைப் பிடித்திருந்தால் வாயிலிலேயே நிற்க வேண்டும். நம் தூத்துக்குடிக் கடற்கரையில் சிப்பி வேலை செய்வோரும் அவ்வாயிலில் நின்றிருப்பார்கள்!

இவ்விதிக்கு எதிரே தனித்து நின்றவர் மேரி லின்வுட் என்னும் ஆசிரியை. பெரிய ஓவியர்களின் படங்களைக் கம்பளி நூலால் அப்படியே தைத்து, 1809ஆம் ஆண்டு முதல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரள் திரளாக வந்து கண்டனர். அவர் 1845இல் மறைந்தபின் அக்காட்சியும் கலைந்து, பெயரும் மங்கியது. ஏன்? அவர் கை அருமையான கை, ஐயமில்லை. ஆனால் அக்கை பிறர் வரைந்ததை நூலில் படியெடுத்தது. ஓவியத்தைப் போலவே இருக்கிறது என்பதே அதற்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டு. மற்றொன்றைப் போல இருப்பதால் பெறும் மதிப்பு, அந்த மற்றொன்றுக்கே போய்ச் சேரும். நூல் தனக்கே உரிய முறுக்கையும் முடிச்சையும் உயரத்தையும் நம்பி எழுந்த நாளில்தான் தன் வழக்கை வெல்லத் தொடங்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி நம் கடற்கரைக்குத் திரும்புவோம். நாம் லேஸ் என்று வழங்கும் பூப்பின்னலுக்குத் தென்தமிழ்நாட்டில் ‘ரேந்தை’ என்றொரு சொல் உண்டு. சன்னல், அலமாரி, சாவி என்பவற்றைப் போல இதுவும் போர்த்துகீசிய மொழியினின்று வந்த சொல். முத்துக்குளித்துறைக்கு 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த அம்மக்கள் விட்டுச்சென்ற சொற்களுள் அது ஒன்று. சொல் அவ்வாறு வந்தது. தொழில் பெரிய அளவில் பரவியது பின்னாளில்.

1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் என்னும் சமயப் பணியாளரின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1821ஆம் ஆண்டளவில் அப்பள்ளியில் ரேந்தைப் பின்னல் கற்பிக்கப்பட்டது. திண்டு ஒன்றின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று மாற்றிப் பின்னும் முறை அது. அவர் மகள் எலைசா, கால்டுவெல் பெருமகனாரை 1844இல் மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் அத்தொழிலைப் பெண்களுக்குக் கற்பித்தார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ தந்த கால்டுவெல்லைத் தமிழுலகம் அறியும். அதே இல்லத்தினின்று பரவிய நூற்பின்னலை அறிந்தவர் சிலரே.

அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது சட்டத்தால் ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. அதற்கு அரசு ஆணை பிறந்தது 1859இல். அந்த நாட்களில், ரேந்தை பின்னிய பெண்களிற் சிலர் தம் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கினர் என்பது வரலாறு. வாள் எடுத்துப் பெற்ற விடுதலைகளைப் பாடநூல்களில் படிக்கிறோம். நூல் எடுத்துப் பெற்ற விடுதலை இது! தன் மார்பை மூட உரிமை மறுக்கப்பட்ட பெண், சீமைச் சீமாட்டிகளின் உடைக்கு அழகு சேர்க்கும் ரேந்தையைப் பின்னினாள் என்பதையும், அதை விற்ற காசால் தன்னை மீட்டாள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். ஊசி வேலையை அற்ப வேலை என்று சொல்ல யாருக்கு நா எழும்? ஆயினும் அங்கும் நமக்குத் தெரிந்திருப்பவை கற்பித்த துரைசானிகளின் பெயர்களே. பின்னியவர் பெயர்கள் பொதுவரலாற்றில் நிலைக்கவில்லை.

முத்தின் கதையும் இத்தகையதே. பரோடா மன்னர் கண்டேராவ் கெய்க்வாட் 1865ஆம் ஆண்டளவில் முத்தாலேயே ஒரு விரிப்புச் செய்வித்தார். பட்டும் மான்தோலும் நிலமாக, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட முத்துகளை ஏற்றித் தைத்த விரிப்பு அது. அவை எங்கள் மன்னார் வளைகுடா முத்துகள் அல்ல. பஸ்ரா முத்து எனப்பட்ட பாரசீக வளைகுடா முத்துகள். அவ்விரிப்பு 2009இல் தோஹா நகரில் ஏலம் போனபோது ஐம்பது இலட்சம் டாலருக்கு மேல் விலை பெற்றது. செய்வித்த மன்னர் பெயர் நின்றது. கடலில் மூழ்கி முத்தெடுத்தவன் பெயரும் இல்லை. அந்த முத்தை ஊசியில் கோத்தவன் பெயரும் இல்லை. எங்கள் தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டுக்குப்பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மூச்சடக்கி மூழ்கிய தம் பாட்டனாரின் பெயரை இத்துறை மக்கள் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன், நூல்களில் கண்டதில்லை.

நாடு விடுதலை பெற்றபின் இவ்வழக்கு என்ன ஆயிற்று? 1952ஆம் ஆண்டு அனைத்திந்தியக் கைவினை வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய அதற்குத் தலைமை தாங்கி, நலிந்துகொண்டிருந்த கைவினைகள் பலவற்றுக்கு உயிரூட்டினார். 1954ஆம் ஆண்டு ஓவியம், சிற்பம் முதலிய கவின்கலைகளுக்காக லலித் கலா அகாதெமி அமைந்தது. இரண்டும் நற்பணி செய்தவை. ஆயினும் இலண்டனில் இழுத்த கோடு தில்லியிலும் விழுந்துவிட்டதைக் கவனியுங்கள்: கைவினைக்கு ஒரு மனை, கவின்கலைக்கு ஒரு மனை. ஊசி முதல் மனையில் குடியேறியது.

அக்கோட்டை அழிக்க முயன்றோருள் நம் பக்கத்தினரும் உண்டு. 1966ஆம் ஆண்டு சென்னைக்கருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும், பட்டிக் போன்ற கைவினைகளைச் செய்து விற்று, அவ்வருவாயால் தம் ஓவியங்களை வளர்த்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன், சாந்திநிகேதனத்தில் ஓவியம் கற்று, பரோடாவில் ஆசிரியராகி, இடையே கைத்தறி வாரியத்திலும் பணியாற்றினார். ஓவியமும் கைவினையும் ஒரே மொழியின் இரு வழக்குகள் என்பது அவர் கொள்கை.

அவரிடம் பயின்ற மாணவி மிருணாளினி முகர்ஜி. 1949இல் பிறந்தவர், ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியின் மகள். தந்தையார் நடுவயதில் பார்வையிழந்த பின்னும் கையால் தடவித் தடவிக் கலை செய்தவர். மகளோ சணல் போன்ற நார்க்கயிற்றை எடுத்தார். தறி இல்லை, ஊசியும் இல்லை. சாயமேற்றிய கயிற்றை முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு, ஆளுயரத்துக்கு மேலான உருவங்களை எழுப்பினார். இயக்கி, வனதேவதை முதலிய பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார். அவை எந்த ஓவியத்தையும் படியெடுத்தவை அல்ல. கயிறு தன் கனத்தால் எங்கே தொய்யுமோ அங்கே தொய்ந்து, எங்கே விறைக்குமோ அங்கே விறைத்து, மலரா மனிதரா என்று மயங்க வைக்கும் வடிவங்கள். 2015ஆம் ஆண்டு தில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர் வாழ்நாட் படைப்புகளின் கண்காட்சி தொடங்கிய சில நாட்களில் அவர் காலமானார். 2019இல் நியூயார்க் பெருநகர அருங்காட்சியகமும் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்துப் போற்றியது.

போலந்து நாட்டில் மக்தலேனா அபகனோவிச் என்னும் பெண்மணி 1960களில் இதே பாதையில் நடந்தார். துறைமுகங்களில் கழித்துப் போட்ட பழங்கயிறுகளைச் சேர்த்து, பிரித்துச் சாயமேற்றி, உள்ளே மனிதர் நுழையத்தக்க பெரிய தொங்குருவங்களை நெய்தார். அவற்றை என்னவென்று அழைப்பது என்று தெரியாத திறனாய்வாளர்கள், அவர் பெயராலேயே ‘அபகான்’ என்றனர். துறைமுகக் கயிறு! தூத்துக்குடியில் நாம் நாளும் மிதித்துச் செல்லும் பொருள்.

ஆக்ராவில் பொன்னிழைத் தையல் மரபில் தோன்றிய ஷம்சுத்தீன் என்பாரின் வழி வேறு. அவர் நூலின்மேல் நூலை எண்ணிறந்த அடுக்குகளாக ஏற்றி, மேலே பட்டிழையால் வண்ணம் தீட்டினாற்போல் மூடி, புடைப்புச் சிற்பத்துக்கு நிகரான உருவங்களைப் படைத்தார். ‘நல்ல மேய்ப்பன்’ என்னும் அவர் படைப்பு பல்லாண்டு உழைப்பின் பயன். பரம்பரைக் கைவினைஞர் ஒருவர் தம் பெயரால் அறியப்பட்ட கலைஞரானதற்கு அவர் தலைசிறந்த எடுத்துக்காட்டு.

நம் உதகமண்டலத்தில் நூல் பூங்கா ஒன்று புகழ்பெற்றது. அந்தோணி ஜோசப் என்பவரின் வழிகாட்டுதலில் ஏறக்குறைய 50 பெண்கள் 12 ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது அது. அங்கே ஊசியும் இல்லை, இயந்திரமும் இல்லை. இதழ் வடிவில் வெட்டிய தடித்த துணியின்மேலும் கம்பியின்மேலும் நூலைக் கையாலேயே சுற்றிச் சுற்றிப் புல்லும் செடியும் பூவும் ஆக்கினர். இயற்கைப் பூவோ எனத் தொட்டுப் பார்க்கத் தூண்டும் நேர்த்தி. நூல் துணியை முற்றும் விட்டு நீங்கித் தரையில் வேரூன்றி நிற்கும் மூன்றாம் படியைத் தமிழ்நாட்டில் காட்டிய வேலை அது.

2022ஆம் ஆண்டு பாரிஸில் ரோடின் அருங்காட்சியகத் தோட்டத்தில், ஓவியர்களான மாதவி பாரேக், மனு பாரேக் தம்பதியரின் படங்களை மும்பை சாணக்யா கைத்தொழிற் பள்ளியினரும் அதன் தையற்கலைஞர்களும் சுவரளவாகத் தைத்துக் காட்டினர். 2024இல் வெனிஸ் நகரிலும் அவர்கள் கூட்டுப் படைப்பு காட்சி பெற்றது. காற்றில் தையலுக்குப் பெயர் தந்த அதே நகரில் நம் நாட்டு ஊசி சென்று நின்றது மகிழத்தக்க செய்தியே.

மாணவர்களே, இவற்றையெல்லாம் ஒரே தராசில் நிறுத்தலாமா? கூடாது. உயரமாக எழுந்தது எல்லாம் கலையாகாது. பல்லாண்டு உழைத்தது என்பதாலும் கலையாகாது. உழைப்பு வணங்கத்தக்கது, ஆனால் கலை என்பது உழைப்பின் அளவைக் குறிக்கும் சொல் அன்று. இயற்கைப் பூவை வழுவாமல் படியெடுத்த நூற்பூ நம் கண்ணை வியக்க வைக்கிறது. முகர்ஜியின் முடிச்சுருவம், இதுவரை இல்லாத ஒன்றைக் கண்முன் நிறுத்துகிறது. முன்னது திறம், பின்னது திறத்தோடு கூடிய கற்பனை. இரண்டுக்கும் இடையில் மதில் இல்லை, வாயில் உண்டு. தோடப் பெண்ணின் இழையெண்ணிக்கையும் தொம்பைக்காரரின் கத்திரிக்கோலும் அவ்வாயிலை நெடுங்காலத்துக்கு முன்பே கடந்தவை என்பது என் துணிபு. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவே.

பார்க்காமைக்கு ஒரு காரணத்தை என் பணிக்காலத்தில் கண்கூடாகக் கண்டேன். நான் இளைஞனாய்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் கண்காட்சி நடக்கும். ஓவிய மேசையில் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்த மாணவனின் பெயர்ச்சீட்டு இருக்கும். தையல் மேசையிலோ ‘எட்டாம் வகுப்பு மாணவியர்’ என்று ஒரே அட்டை; அவ்வளவுதான். பின்னர் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்றபோது, தையல் மேசையிலும் தனித்தனிப் பெயர்ச்சீட்டு வைக்கச் செய்தேன். அவ்வாண்டு ஒரு சிறுமி பருத்திச் செடி ஒன்றைத் தைத்திருந்தாள். வெடித்த காய்களில் பஞ்சு துணியைவிட்டு எழுந்து நிற்க, காயின் ஓடு நூலடுக்கால் புடைத்திருந்தது. கரிசற்காட்டு உழவர் ஒருவர் அதன்முன் நின்று, காயை விரலால் தொட்டுப் பார்த்து, “இது யார் வீட்டுப் பிள்ளை செஞ்சது?” என்று கேட்டார். பெயரைப் படித்துக் காட்டினோம். “நல்லா விளைஞ்ச காயி” என்றார். திறனாய்வு என்பது அதுவே. அடுத்த ஆண்டு தையல் மேசைக்கு வந்த வேலைகளில் படியெடுத்தவை குறைந்து, பிள்ளைகள் தாமே கண்டு தைத்தவை மிகுந்தன. பெயர் எழுதப்படும் என்று அறிந்த கை, தனக்கென ஒன்றைச் சொல்ல விரும்புகிறது.

ஆகவே இவ்வழக்கு வெல்லப்பட்டதா என்று கேட்டால், பாதி வெல்லப்பட்டது என்பேன். நூல் கலைக்கூடத்தினுள் நுழைந்துவிட்டது. நுழைத்த கைகள் எல்லாம் நுழையவில்லை. உதகைப் பூங்காவின் 50 பெண்களை நாம் எண்ணிக்கையால் அறிகிறோம், பெயரால் அறியோம். பாரிஸ் சுவர்களைத் தைத்த நூற்றுக்கணக்கானோரையும் அவ்வாறே. ஓவியம் தந்தவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வழங்கும் இடத்தில், ஊசி பிடித்தவர் பெயர்களும் வழங்கும் நாள் வரவேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஹன்னா ஸ்மித் வைத்தது போல ஒரு சீட்டு போதும்.

அந்நாளை விரைவாக்க உங்களால் இயலும். உங்கள் வீட்டில் பாட்டியாரோ அத்தையோ தைத்த தலையணையுறை, பின்னிய ரேந்தை, மணி கோத்த தோரணம் ஏதேனும் இருக்கும். அதனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த முறையில் நூல் எழுந்தது என்று ஆராயுங்கள். யார் செய்தார், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு செய்தார் என்று கேட்டறியுங்கள். அதனை ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு வையுங்கள். வரலாறு எழுதுவது பேராசிரியர்களுக்கு மட்டும் உரிய தொழில் அன்று. உங்கள் ஊர்த் தேருக்குத் தொம்பை தைத்தவரின் பெயரை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?